புதிய கணினியும் பழைய பதிவேடும்

2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்தின் ஆயுள் முடிவுற்றது. அதற்குப் பின் அத்தளத்திற்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வாரா என்பதும், வேண்டுவோர் பெயர் பதிந்துகொண்டால் ஓராண்டுத் தவணை உண்டு என்பதும் வாசகர் பலர் அறிந்த விஷயமே. அடுத்த தளமாகிய விண்டோஸ் 11-ஐ ஏற்பதற்கோ, கணினியினுள் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்திய செயலியும் இருத்தல் வேண்டும். ஆகவே நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகளின் சொந்தக்காரர்கள், புதிய பெட்டி வாங்குவதா, பழைய பெட்டியிலேயே வேறு தளத்தை ஏற்றுவதா என்னும் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்களாயினர். அவர்களுள் நாமும் ஒருவர். இயங்குதளம் மாறுவதென்றால் பொத்தான்கள் இடம் மாறுவதுதானே என்று பலர் கேட்கின்றனர். தமிழில் கணக்கும் கடிதமும் வைத்திருப்பவர்க்கு அஃது அவ்வளவோடு நிற்பதில்லை என்பதால் இதனை எழுதப் புகுந்தோம்.

நாம் கிள்ளானுக்கு அப்பால், கடலோரமாக உள்ள செம்பனைத் தோட்டம் ஒன்றில் கிராணி உத்தியோகம் பார்ப்பவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதும், பிறகு அலுவலகத்தில் அமர்ந்து செக்ரோல் பதிவதும், வெட்டிய குலைகளின் கணக்கை ஆலைக்கு அனுப்புவதும் நம் அன்றாடத் தொழில். இன்று பெரட்டில் நாம் கூப்பிடும் பெயர்களில் தமிழ்ப் பெயர் மிகச் சில. இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தோர் பெயர்களே மிகுதி. தமிழ்ப் பெயர்கள் இருக்குமிடம் வேறு. அஃது எங்கள் மரண சகாய சங்கத்தின் பதிவேடு. பால்மரக் காலத்தில் லயன்களில் குடியிருந்தவர்கள், தோட்டம் துண்டு துண்டாகக் கைமாறியபின், கிள்ளான், காப்பார், பந்திங், பூச்சோங் எனப் பல திசையும் சிதறிப் போயினர். ஆயினும் மாதச் சந்தாவை விடாது கட்டியவர் பலர். அவர்கள் இறந்தால் சடங்குச் செலவுக்கு ஒரு தொகை வீடு தேடிச் செல்லும். அச்சங்கத்தின் செயலாளர் பொறுப்பு வழிவழியாகக் கிராணியின் தலையிலேயே விழுவது வழக்கம். மாற்ற வேண்டி வந்த கணினி, தோட்டத்து அலுவலகக் கணினியன்று. சங்கத்திற்கென்று நம் வீட்டு மேசைமீது இருக்கும் பழைய பெட்டியேயாகும்.

சங்கத்தின் பணம் பிணம் எடுக்க வைத்த பணம். அதனைக் கொண்டு புதுக் கணினி வாங்க நமக்கு மனம் வரவில்லை. நம் அக்காள் மகன் பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கிக் கணினிக் கல்வி பயில்பவன். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேஎல் சென்ட்ரலில் கம்யூட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்கு வந்து, விரல் நீளமுள்ள ஒரு சேமிப்புக் குச்சியைச் செருகி, முக்கால் மணி நேரத்தில் உபுண்டு 24.04 என்னும் லினக்ஸ் தளத்தை ஏற்றிவிட்டான். விலை கேட்டோம். “விலையே கிடையாது மாமா, நாளைக்கு உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நீங்களே ஏற்றிக் கொடுக்கலாம், ஒருவரும் கேட்கமாட்டார்கள்” என்றான். 1991ஆம் ஆண்டு பின்லாந்து தேசத்துக் கல்லூரி மாணவர் ஒருவர், லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர், தம் விருப்பத்திற்காகத் தொடங்கிய வேலை, இன்று உலகத்தின் பெரிய கணிப்பொறிகளையெல்லாம் ஓட்டுகிறது. விலையில்லாப் பொருள் மட்டமாகத்தான் இருக்கும் என்று எண்ணும் வழக்கம் நம்மவரிடையே வேரூன்றிக் கிடக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் நூலகத்தையும் அக்கண்கொண்டே பார்ப்பவர்கள் நாம்.

இம்முயற்சி நமக்கு முன் பெரியோர் பலர் செய்து பார்த்ததுதான். நம் மலேசிய அரசாங்கமே 2004ஆம் ஆண்டு பொதுத்துறைக்கெனத் திறந்த மூல மென்பொருட் பெருந்திட்டம் ஒன்றை வெளியிட்டது. கேரளத்துப் பள்ளிகள் ஏறக்குறைய அதே காலத்தில் மாறத் தொடங்கி, இன்றளவும் அதிலேயே நிற்கின்றன. ஜெர்மனியின் மியூனிக் நகர மன்றமோ 2003ஆம் ஆண்டு மாறத் தீர்மானித்து, ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியும் முடித்து, 2017ஆம் ஆண்டு விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. சொல்லப்பட்ட காரணங்களுள் வெளியாரோடு ஆவணம் பரிமாறும் தொல்லை ஒன்று. அஃதாவது, இயந்திரம் மாறிவிட்டது. எழுதி வைத்தவை எளிதில் உடன் வரவில்லை. அந்தத் தொல்லையின் தமிழ்ப் பதிப்பு நமக்கும் காத்திருந்தது.

நிற்க. முதல் வாரத்தின் அனுபவங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ‘சி’ டிரைவ் என்பதே அங்கில்லை. எல்லாம் ஒரு சாய்கோட்டிலிருந்து வேர்விட்டுக் கிளைக்கின்றன. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கோப்புப் பெயரில் வெவ்வேறாகக் கொள்ளப்படும். கறுப்புத் திரையில் கடவுச்சொல் கேட்கும்போது நாம் தட்டுவது ஒரு புள்ளியாகக் கூடத் தோன்றாது. கணினி செவிடாகிவிட்டதோ என்று தோன்றும். ஆனால் அது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. அச்சுப்பொறியோ, குறுந்தட்டு ஒன்றும் இல்லாமல், செருகிய மாத்திரத்தில் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு வேலை செய்தது. பட்டியல்களையெல்லாம் தமிழிலேயே காட்டும் வசதியும் உண்டு. ஊதியம் பெறாத தமிழன்பர்கள் பல தேசங்களிலிருந்து அமர்ந்து மொழிபெயர்த்தவை அவை. ‘பைல்’ என்று பிறந்தது முதல் சொல்லிவந்த நமக்குக் ‘கோப்பு’ என்பது முதல் நாள் வேற்றூர்க்காரர் போல் இருந்தது. பத்தாம் நாள் அவர் நம் வீட்டார் ஆகிவிட்டார். சில மொழிபெயர்ப்புகள் நாக்கில் ஏறாதவை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்; ஆயினும் குறை சொல்பவர் ஒரு சொல்லையாவது செய்து கொடுத்துவிட்டுச் சொல்லட்டும்.

இனி விசைப்பலகைக்கு வருவோம். நாம் ஆங்கில வழியில் கல்வி கற்றவர். வீட்டில் அன்னையார் மடியில் அறிந்த தமிழ் எழுத்தைத் தவிரப் பள்ளியில் தமிழ் கற்கும் வாய்ப்பு நமக்கில்லை. ஆகவே கணினியில் தமிழ் எழுதுங்கால், நம் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985 முதல் வளர்த்துவந்த முரசு அஞ்சலின் ஒலிபெயர்ப்பு முறையையே பற்றிக்கொண்டிருந்தோம். ஆங்கில எழுத்துகளை ஒலிக்கேற்பத் தட்டினால் தமிழ் எழுத்து தோன்றும் முறை அது. ஆங்கிலம் படித்த தமிழனைத் தாய்மொழியில் எழுத வைத்ததில் அம்முறைக்கு ஈடில்லை. அதன் கடன் நம்மீது என்றும் உண்டு. புதிய தளத்திலும் ஒலிபெயர்ப்பு விசைப்பலகை இருக்கவே செய்தது. ஆனால் சில விசைகள் முன்னையதற்கு மாறாக இருந்தன. எப்படியும் கை புதிதாகப் பழக வேண்டும் என்றால், தமிழ் 99-ஐயே பழகுவது என்று முடிவு செய்தோம். 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்நாட்டு அரசாங்கம் தரமாக ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது.

அதன் அமைப்பு உயிரெழுத்துகளை இடக்கைக்கும், மெய்களை வலக்கைக்கும் பகிர்ந்து கொடுக்கிறது. நடு வரிசையில் இடப்புறம் அ, இ, உ, புள்ளி, எ. வலப்புறம் க, ப, ம, த, ந. ககரத்தைத் தட்டி உடனே இகரத்தைத் தட்டினால் ‘கி’ பிறக்கும். இலக்கண நூல் உயிர்மெய்யின் பிறப்பைச் சொல்லும் முறையும் அதுவே. ஒரே மெய் இரட்டித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ஙகரத்தின் பின் ககரம் வந்தாலும் அவ்வாறே. ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கே தட்டுகள். முதல் பதினைந்து நாள் நம் விரல்கள் எறும்பு ஊர்வது போல் ஊர்ந்தன. ஒரு மாதச் சந்தாக் கணக்கைப் பதிய இரண்டு இரவுகள் பிடித்தன. பிறகு ஒருநாள், விரல் ஆங்கில எழுத்து எதனையும் நினையாமல் ‘கிள்ளான்’ என்று எழுதியதைக் கண்டோம். முப்பது வயது கடந்து, முதன்முறையாக, நமக்கும் தமிழுக்கும் இடையே நின்ற ஒரு மொழிபெயர்ப்பாளர் விலகிக்கொண்டார் போலிருந்தது.

எழுதும் கருவி மாறும்போதெல்லாம் தமிழர் கை இவ்வாறு மறுபடி பள்ளிக்கூடம் போகத்தான் செய்திருக்கிறது. தமிழுக்குத் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய இரா. முத்தையா யாழ்ப்பாணத்திலிருந்து இக்கரைக்கு வந்து, சிங்கப்பூரில் அலுவலக எழுத்தராக இருந்தவர். ஆகவே எங்கள் சாதியார் என்று கிராணிமார்கள் பெருமை கொள்ளலாம். (இவ்வொரு சாதிப் பெருமையை இப்பத்திரிகை மன்னிக்கும் என்று நம்புகிறோம்.) 1935ஆம் ஆண்டு பெரியார் ‘குடிஅரசு’ இதழில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகளைச் சீர்ப்படுத்தி அச்சிடத் தொடங்கியபோது, தமிழே சிதைந்தது என்று முணுமுணுத்தோர் உண்டு. 1978ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசாங்கம் அவற்றை ஏற்றது. இன்று பழைய வடிவத்தைக் கண்டால் நம் பிள்ளைகள்தாம் விழிக்கிறார்கள்.

ஆனால் கை பழகுவதால் தீராத சிக்கல் ஒன்று இருந்தது. சங்கத்தின் பெயர்ப் பதிவேடு 1999ஆம் ஆண்டு வரை தடித்த நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. அவ்வாண்டு நமக்கு முன்னிருந்த கிராணியார், பழைய பெயர்களையெல்லாம், சேர்ந்த ஆண்டோடும் கட்டிய சந்தாவோடும், ஒரு கணினிக் கோப்பில் ஏற்றினார். எண்ணூறுக்கு மேற்பட்ட வரிகள். கரையான் பாதி தின்ற அந்நோட்டுப் புத்தகத்தில் இப்போது மிஞ்சியிருப்பது ஓரங்களே. கணினி மாறியபோதெல்லாம் அக்கோப்பும், அதற்குரிய எழுத்துருவும் சேர்ந்தே நகல் செய்யப்பட்டு வந்தன. புதிய தளத்தில் கோப்பைத் திறந்தோம். தமிழ் எழுத்து ஒன்றேனும் இல்லை. தலையில் கொம்பும் வாலில் குஞ்சமும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளும், நாணயக் குறிகளும் வரி வரியாக நின்றன.

இதன் காரணத்தை வாசகர்களுக்குச் சற்று விளக்குவது நலம். அக்காலத்துக் கணினியில் ஓர் எழுத்துக்கு 256 எண்களில் ஒன்றுதான் கொடுக்க முடியும். முதல் 128 எண்கள் ஆங்கிலத்திற்குப் போய்விட்டன. எஞ்சிய 128-இல் தமிழ் எழுத்துகளையும், கொம்பு, கால் முதலிய உறுப்புகளையும் ஒவ்வோர் எழுத்துரு செய்பவரும் தத்தம் விருப்பப்படி அடுக்கினர். ஒருவருக்கு ‘க’ ஆன எண் இன்னொருவருக்கு ‘ழு’ ஆகும். கோப்பில் இருப்பது வெறும் எண்ணே. அதற்குத் தமிழ் வேடம் போட்டது எழுத்துரு. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பல தேசத்துத் தமிழன்பர்கள் 1990-களின் பிற்பகுதியில் மின்னஞ்சல் வழியே கூடி விவாதித்து ‘திஸ்கி’ என்னும் பொது அடுக்கை வகுத்தனர். 1999ஆம் ஆண்டு தமிழ்நாடு ‘டாப்’, ‘டாம்’ என்னும் வேறு இரண்டை ஏற்றது. உலகத்து மொழிகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடிலோ 1991ஆம் ஆண்டு முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆயினும் சாதாரணக் கணினியில் அது புழக்கத்திற்கு வர விண்டோஸ் 2000 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2010ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசாங்கமும் யூனிகோடை ஏற்றது. எங்கள் கோப்பு யூனிகோடு புழக்கத்திற்கு வருமுன் பிறந்தது.

“பழைய எழுத்துருவை இதிலும் ஏற்றிவிட்டால் முன்போலத் தெரியும் மாமா” என்றான் மருமகன். அது மெய்தான். ஆனால் அது மறுபடியும் வேடம் போடும் வேலை. எழுத்துருவைத் தூக்கிக்கொண்டு எத்தனை கணினிக்கு ஓடுவது? நமக்குப் பின் வரும் கிராணி தமிழரல்லாதவராய் இருக்கவும் கூடும். அவர் அந்தக் கொம்பு முளைத்த வரிகளைக் கண்டு, பழுதான கோப்பென்று அழித்துவிட்டால் கேட்பார் யார்? கோப்பையே யூனிகோடுக்கு மாற்றுவது என்று முடிவு செய்தோம்.

இந்த நேரத்தில்தான் ஓர் அம்மையார் நம்மைத் தேடி வந்தார். எங்கள் தோட்டத்தில் பால் வெட்டியவர். 2003ஆம் ஆண்டு கணவரோடு வெளியேறி, ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மகள் வீட்டில் இருப்பவர். கணவர் காலமாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. பத்தாண்டு தொடர்ந்து சந்தா கட்டியவர் தோட்டத்தை விட்டுப் போனாலும் உதவிக்கு உரியவர் என்பது சங்கத்தின் விதி. ரசீது கேட்டோம். 2021ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் அவ்வட்டாரம் கூரை வரை மூழ்கியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பிறப்புப் பத்திரம் முதல் சந்தா அட்டை வரை அவர் வீட்டுக் காகிதமெல்லாம் அந்நீரில் போய்விட்டன. “கிராணி ஐயா, காசு வந்தாலும் வராட்டியும் பரவாயில்லை. அவர் பேர் உங்க புஸ்தகத்துல இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. கட்டினேன் கட்டினேன்னு சாகிற வரைக்கும் சொன்னாரு” என்றார். “பார்த்துச் சொல்கிறேன் அம்மா, ஒரு வாரம் பொறுங்கள்” என்று அனுப்பினோம்.

வேடிக்கை என்னவெனில், மாற்றும் கருவி புதிய தளத்தின் வயிற்றிலேயே இருந்தது. லினக்ஸின் அடிப்படை நூலகத்தில் ‘ஐகான்வ்’ என்றொரு கட்டளை உண்டு. உலகத்து எழுத்தடுக்குகள் பலவற்றை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றுவது அதன் தொழில். அப்பட்டியலில் திஸ்கியும் இருக்கிறது. சந்தையில் யாரும் விலைக்குக் கேட்காத ஒரு தமிழ் அடுக்கை, யாரோ ஒருவர் அமர்ந்து அதில் சேர்த்து வைத்திருக்கிறார். வேலை எளிதன்று. ‘கொ’ என்பதைப் பாருங்கள்: பழைய முறையில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பு, ககரம், கால் என மூன்று எண்கள் நிற்கும். யூனிகோடில் ககரம் முதலில், அதன்பின் ஒகரக் குறி ஒன்று. கொம்பைப் பிடுங்கிப் பின்னால் நட்டு, காலோடு சேர்த்து ஒன்றாக்க வேண்டும். அதனை அக்கட்டளை கண் இமைக்கும் நேரத்தில் செய்தது. திரையில் பெயர்கள் வரிசையாக எழுந்து வந்தபோது, பெரட்டில் கூட்டம் கூடுவதைக் கண்டாற்போல் இருந்தது.

ஆனால் ஐந்நூற்றுச் சொச்சம் வரியோடு கட்டளை நின்றுவிட்டது. அந்த ஐந்நூற்றில் அம்மையாரின் கணவர் பெயர் இல்லை. மீதி வரிகளைத் துருவிப் பார்த்ததில், இடையிலே வேறொருவர் டாப் அடுக்கிலுள்ள எழுத்துருவைக் கொண்டு பதிந்திருப்பது புலனாயிற்று. மருமகன் பிரிக்பீல்ட்ஸில் இருந்தபடியே, ‘ஓப்பன் தமிழ்’ என்னும் திறந்த மூலக் கருவித்தொகுதியைக் கொண்டு அப்பகுதியைத் தனியே மாற்றி அனுப்பினான். ஆறாம் நாள் இரவு அவர் பெயரைத் தேடும் கட்டத்தில் தட்டினோம். அடையாள அட்டையில் மலாய் முறைப்படி ரோமன் எழுத்தில் இருப்பதைக் கொண்டு தேடியிருந்தால் அகப்பட்டிராது. நம்மவர் பெயர்கள் அதில் படும் பாடு ஊரறிந்தது, வள்ளியும் வல்லியும் அங்கே ஒருத்தியே. தமிழில் தேடியபோது ஒரே வரி வந்தது. தந்தை பெயர் சரி. சேர்ந்த ஆண்டு 1988. கடைசிச் சந்தா 2003 மார்ச். இடையில் ஒரு மாதம் கூட விடுபடவில்லை. செயற்குழு அடுத்த கூட்டத்திலேயே தொகையை அனுமதித்தது. அம்மையாரிடம் அவ்வரியை அச்சிட்டுக் கொடுத்தோம். பணத்தைப் பின்னால்தான் எண்ணினார்.

இன்னும் ஒன்று. சங்கத்து உறுப்பினர் ஒருவரின் மகன் பார்வையற்றவர், பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறார். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கிருப்பதால், வெள்ளைக் கைத்தடியோடு ஜாலான் துன் சம்பந்தனில் நடப்போரைக் காணாதவர் இரார். அவர் பல காலமாக, அப்பதிவேட்டை நாமும் ஒருமுறை ‘பார்க்க’ வேண்டும் என்று சொல்லி வந்தார். முன்னைய கோப்பைத் திரைவாசிப்பான் படித்தால் வெறும் குறிகளின் பெயராகவே உளறும். எழுத்துரு போடும் வேடம் செவிக்குத் தெரியாதல்லவா? மாற்றிய கோப்பை எடுத்துக்கொண்டு மருமகன் அறைக்கு அவரை அழைத்தோம். உபுண்டுவில் உள்ள ஓர்கா என்னும் வாசிப்பான், இரும்புத் தொண்டையால், இலக்கணம் அறிந்த எந்திரமனிதன் போல் ஒவ்வொரு பெயராகப் படித்தது. அவர் தலையைச் சாய்த்து ஒரு மணி நேரத்திற்கு மேல் கேட்டார். சில பெயர்களுக்கு, “இவர் எட்டாம் லயன், நன்றாக உடுக்கை அடிப்பார்” என்பது போல ஏதேனும் சொன்னார். இரண்டு இடங்களில் நிறுத்தச் சொன்னார். ஒன்றில் தம் பாட்டனார் பெயரில் ழகரம் இருக்க வேண்டிய இடத்தில் ளகரம் இருக்கிறது என்றார். மற்றொன்றில் தம் தாயார் சேர்ந்த ஆண்டு பிந்திப் பதிவாகியுள்ளது என்றார். முதலாவதை அங்கேயே திருத்தினோம். இரண்டாவதற்கு அவர் வீட்டில் பழைய ரசீது இருக்கிறதாம்; வருகிற ஞாயிறு கொண்டு வருகிறார்.